வெள்ளைக்கல் குவாரியில் ஒரு சிவப்புப் பட்டை

மார்ச் 3, திங்கட்கிழமை

என் அருமை மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி. மாடிப்படி ஏறச் சொன்னால் வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் போகச் சொன்னால் வலிப்பதில்லை. நீ சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன்னை வேலையில் இன்னும் நிரந்தரமாக்காமல் இழுத்தடிக்கிற அந்த மியூசியத்து இயக்குநர் சௌக்கியமா? அவர் சௌக்கியமாகத்தான் இருப்பார். நம்மைக் காக்கவைக்கிறவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இப்போது நீ உட்கார வேண்டும். உட்கார்ந்தாயா? விளையாட்டில்லை, நிஜமாகவே உட்கார்.

உன் மாமன் ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டான்!

போன வியாழக்கிழமை எங்கள் வெள்ளைக்கல் குவாரியின் கிழக்குச் சுவரில் வெடி வைத்தோம். வெடித்துப் புகை அடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போய், தொங்குகிற கல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது மேஸ்திரி. மேஸ்திரி யார்? நான். போனேன். பால் மாதிரி வெளுத்த சுவரின் நடுவே, யாரோ உள்ளேயிருந்து ரத்தம் ஏற்றிவிட்ட மாதிரி ஒரு சிவப்புப் பட்டை! ஒரு ரயில் பெட்டி நீளம். இல்லை, இரண்டு பெட்டி இருக்கும். வெயில் பட்டு அது மினுங்கின மினுங்கலில் கம்ப்ரஸர் தானாக நின்றுவிட்டது. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. எங்கள் மேனேஜர் மயங்கி விழுந்துவிட்டார். சரி, விழவில்லை, உட்கார்ந்தார். எப்படியும் அவர் நின்றுகொண்டிருக்கவில்லை.

"என்ன மேஸ்திரி இது?" என்றார்.

"சார், இது ரத்தினம். சந்தேகமே வேண்டாம். நான் கல்லோட பேசுறவன், அது எங்கிட்ட பொய் சொல்லாது. எதுக்கும் என் மருமக ஒரு தடவ பாக்கட்டும். கல்லுக்கு அவதான் இந்த நாட்டுலயே பெரிய டாக்டர்" என்றேன்.

தப்பா சொன்னேன்? நீ கல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அப்படியென்றால் கல்லுக்கு டாக்டர்தானே?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் குவாரியில் இருக்கிற ஒரே போன் மேனேஜர் மேஜையில் இருக்கிறது, அவர் காதோ வாசல்வரை நீளும். அதனால்தான் கடிதம். கூடவே ஒரு பொட்டலத்தில் சில துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று என் கையாலேயே துடைத்து மினுக்கி வைத்திருக்கிறேன். பார்த்ததும் உன் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்.

உலகத்தில் யாருமே பார்த்திராத கல்லாக இருந்தால் அதற்கு என் பேரை வைக்க மறந்துவிடாதே. தன் பேரை வைக்கலாமே என்கிறாள் உன் அத்தை. கல்லுக்குப் பொருத்தம்தான். இருந்தாலும் வேண்டாம்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
மாமா

*

மார்ச் 8, சனிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பொட்டலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அத்தையைப் படி ஏறச் சொல்லாதீர்கள். அம்மா உங்கள் இருவரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இனி கல். இது ரத்தினம் இல்லை மாமா. ரத்தினத்தைக் கத்தியால் கீற முடியாது. இதைப் பேனாக்கத்தியே கீறிவிடுகிறது. மெருகு பூசாத பீங்கான் ஓட்டில் தேய்த்தேன், சிவப்புக் கோடு விழவில்லை. ஆரஞ்சு கலந்த மஞ்சள் கோடு விழுந்தது. அளவுக்கு மீறின கனம். சூடு காட்டினேன், கறுத்துப் போனது. ஆறவிட்டேன், பழையபடி சிவந்துவிட்டது! நம்ப முடியாமல் இன்னும் இரண்டு முறை சூடு காட்டிப் பார்த்தேன். இது துத்தநாக ஆக்சைடு. ஜிங்கைட் என்பது பெயர். முன்பே வைத்துவிட்டார்கள், அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

சுத்தமான துத்தநாக ஆக்சைடு வெள்ளைப் பொடி. புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்பில் இருப்பது அதுதான். அதிலே கொஞ்சம் மாங்கனீசு கலந்தால் இப்படிச் சிவக்கும். பூமிக்குள் துத்தநாகம் பெரும்பாலும் கந்தகத்தோடுதான் கூட்டு வைத்துக்கொள்ளும். ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து இப்படிக் கல்லாக நிற்பது மிகவும் அபூர்வம். உலகத்தில் ஒரே ஒரு வட்டாரத்தில்தான் அது அள்ள அள்ளக் கிடைத்தது. அந்தச் சுரங்கங்களையும் மூடிவிட்டார்கள். வேறு இடங்களில் கிடைத்ததெல்லாம் சிட்டிகை அளவு. அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிகள் சிலவற்றில் அலையைப் பிடிக்க இந்தக் கல்லை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இன்று கடைகளில் இந்தப் பெயரில் விற்கும் அழகான கற்களில் பெரும்பாலானவை பூமியில் விளைந்தவை அல்ல. துத்தநாகம் உருக்கும் உலைகளின் புகைபோக்கிக்குள் ஆவி படிந்து வளர்ந்தவை. உலையை இடிக்கும்போது உதிர்த்து எடுக்கிறார்கள். ஒட்டுக்கல் எதுவும் இல்லாமல், துடைத்து வைத்த மாதிரி இருக்கும். நீங்கள் அனுப்பியதும் அப்படித்தான் இருக்கிறது.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வானத்திலிருந்து உங்கள் கண்முன்னே விழுந்தது என்று ஒரு கறுப்புக் கட்டியை அனுப்பினீர்கள். விழும்போது வாலோடு வந்தது என்றுகூட எழுதினீர்கள். நான் அதை ஓடிப்போய் இயக்குநர் மேஜையில் வைத்தேன். அது இரும்பு உலைக் கசடு. இன்றைக்கும் நான் உள்ளே நுழைந்தால், "என்னம்மா, மேலேருந்து ஏதாவது விழுந்துச்சா?" என்று கேட்கிறார்கள். என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதை இந்த மாதக் கடைசியில் முடிவு செய்யப் போகிறார்கள். அதனால் இந்தக் கல் யாருடையது என்று இயக்குநர் கேட்டபோது, "தெரிஞ்ச ஒருத்தர் குடுத்தார் சார்" என்றுதான் சொன்னேன்.

இது எங்கே கிடைத்தது? நிஜத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்
உங்கள் மருமகள்

*

மார்ச் 12, புதன்கிழமை

என் அருமை மருமகளுக்கு,

தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக்கொள்வது.

சரி, அதை விடு. எனக்குக் கோபமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தட்டில் இரண்டு இட்லியை மிச்சம் வைத்துவிட்டேன், அவ்வளவுதான். "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று உன் அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உலையாம், புகைபோக்கியாம்! இந்த வட்டாரத்தில் புகை விடுகிற ஒரே உலை உன் அத்தையின் அடுப்பு. அதில் எதுவும் விளையாது, எல்லாம் தீயும். ரேடியோ என்று எழுதியிருந்தாயே, மிச்சமிருந்த துண்டைக் காதில் வைத்துப் பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிடுகிற சத்தம்தான் கேட்டது. அது கல் இல்லாமலே கேட்கும்.

ஒட்டுக்கல் இல்லை என்கிறாய். எப்படி இருக்கும்? நான்தானே தட்டி எடுத்தேன்! போட்டோ பிடிக்கப் போகிறவன் முகம் கழுவாமல் போவானா? நீ பெரிய இடத்தில் காட்டப் போகிற கல்லாயிற்றே. அந்தச் சிவப்பைச் சுற்றி வெள்ளைக் கல் அப்பிக்கொண்டிருந்தது. நடு நடுவே மிளகு தூவின மாதிரி கறுப்பு அழுக்கு வேறு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் காட்டினால், உடைத்த கறுப்புப் பொடி தயங்கித் தயங்கி நகர்ந்து வந்தது. அங்கங்கே பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் பாட்டில் சில்லு மாதிரி ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் உளியால் கொத்தி எறிந்தேன். அப்புறமும் போகாததற்குக் கழிவறை கழுவுகிற ஆசிட்டில் ஊறப்போட்டேன். வெள்ளையெல்லாம் நுரைத்துக்கொண்டு போனது. சிவப்பும் கொஞ்சம் இளைத்துவிட்டது என்று வைத்துக்கொள். உள்ளங்கை அளவு போட்டது, எடுக்கும்போது கோலிக்குண்டு அளவு. ஆனால் என்ன அழகு! அதையா புகைபோக்கி என்கிறாய்?

அது போகட்டும், இங்கே ஒரு சங்கடம் வந்திருக்கிறது. எங்கள் கல்லை அரைத்து வெள்ளைப் பொடியாகப் பெயிண்ட் கம்பெனிக்கு அனுப்புகிறோம் இல்லையா? அந்தப் பட்டை கலந்ததிலிருந்து பொடி மஞ்சள் அடிக்கிறதாம். ஒரு லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. மேனேஜர் குதிக்கிறார்.

"மேஸ்திரி, அந்தச் செவப்பும் வேண்டாம், ரத்தினமும் வேண்டாம். வர்ற வாரம் குழி போட்டு மருந்து வெச்சு, அந்தச் சொவரு மொத்தத்தையும் ஒடைச்சு பழைய பள்ளத்துல தள்ளிடுங்க. என் கண்ணுல படக்கூடாது."

பழைய பள்ளம் உனக்குத் தெரியுமே, பச்சைத் தண்ணீர் நிற்கும். அதில் விழுந்த ஒரு லாரியையே இன்னும் எடுக்க முடியவில்லை. சரி, லாரி இல்லை, லாரியின் கதவு. மருந்து வைக்கப் போகிறவன் யார்? மேஸ்திரி. மேஸ்திரி யார் என்று உனக்குத் தெரியும்.

நீ நம்பாவிட்டால் பரவாயில்லை. ஆனால் அது அங்கேதான் இருக்கிறது.

மாமா

*

மார்ச் 15, சனிக்கிழமை

மாமா! மாமா! மாமா!

அழுக்கு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அழுக்குதான் மாமா சாட்சி!

நான்கு முறை படித்துவிட்டேன். வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லுக்குள் சிவப்பு, அதோடு காந்தத்துக்கு லேசாக அசையும் கறுப்பு மணி, அதோடு பாட்டில் சில்லு மாதிரி ஒரு பச்சை. இந்த நாலும் ஒன்றாகக் கூடியிருப்பதைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், அந்த மூடிப்போன சுரங்கத்துப் படங்களில். புகைபோக்கிக்கு இப்படிக் கூட்டம் சேர்க்கத் தெரியாது. அந்தப் புத்தகத்தை வாசிக்காத ஒருவரால் இதைக் கற்பனையாக எழுதவும் முடியாது. உங்களாலும் முடியாது, மாமா! அதனால்தான் நம்புகிறேன்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பூமியில் விளைந்தது என்று காட்டுவதற்கு இருந்ததையெல்லாம் நீங்களே கொத்தி எறிந்து, மிச்சத்தை ஆசிட்டில் கரைத்து, புகைபோக்கிக் கல் மாதிரியே ஆக்கி அனுப்பியிருக்கிறீர்கள். ஆசிட் ஜிங்கைட்டையும் தின்றுவிடும். பேச்சுக்கு மெருகு போடுகிற கை, கல்லையும் விடவில்லை.

இப்போது நான் கேட்பதை மட்டும் செய்யுங்கள். சுவரிலிருந்து ஒரு துண்டு. இருப்பதிலேயே அசிங்கமான துண்டு. கழுவக்கூடாது, தட்டக்கூடாது, துடைக்கவே கூடாது. அதன் மேல் புற ஊதா விளக்கைக் காட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்தப் பச்சைச் சில்லும் வெள்ளைக் கல்லும் ஒளிர வேண்டும்.

அப்புறம் ஒரு பக்கக் கடிதம். சுவரில் உங்கள் கண் பார்த்தது மட்டும். ஜாண் கணக்கில், முழக் கணக்கில். ரயில் பெட்டி வேண்டாம். மயங்கி விழுகிறவர்கள் வேண்டாம். நீங்கள் எழுதுவதை அப்படியே இயக்குநரிடம் காட்டப் போகிறேன்; அவர் கையெழுத்துப் போட்டால்தான் குவாரிக்காரர்களிடம் சுவரை விட்டுவையுங்கள் என்று கேட்க முடியும். இது இன்னொரு கசடாகிவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. அதனால் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அதுவரை அந்த வெடியை எப்படியாவது தள்ளிப் போடுங்கள்.

அவசரத்துடன்
உங்கள் மருமகள்

*

மார்ச் 18, செவ்வாய்க்கிழமை

மருமகளுக்கும், இதைப் படிக்கப் போகும் மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும்,

குவாரி மேஸ்திரி எழுதிக்கொள்வது. பட்டை இருப்பது கிழக்குச் சுவரில். தரையிலிருந்து என் மார்பு உயரம். என் மார்பு சாதாரண மார்பு இல்லை, வாலிபத்தில் நான்

(இது அத்தை எழுதுவது: அவருடைய மார்பு சாதாரண மார்புதான். மேலே படிக்கவும்.)

பட்டையின் அகலம் ஒரு முழம். சில இடத்தில் ஒரு ஜாண்தான். நீளம் எங்கள் வீட்டு முன்னறை அளவு. ரயில் பெட்டி என்று முன்பு எழுதியது பொம்மை ரயிலை.

(பொம்மை ரயிலைவிடப் பெரிது. முன்னறை அளவு என்பது சரி. நான் போய்ப் பார்த்தேன். அத்தை.)

சிவப்பு ஒரே பாளமாக இல்லை. மணி மணியாக, வெள்ளைக் கல்லுக்குள் பதிந்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் கொண்டைக்கடலை அளவு. சில இடத்தில் விரல் நீளத்துக்குக் கட்டியாகவும் இருக்கிறது. கறுப்பு மணிகள் சிவப்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, தள்ளி இல்லை. பாட்டில் சில்லு மாதிரியான பச்சை, பட்டையின் கீழ் ஓரத்தில் அதிகம். மேலே போகப் போகச் சிவப்பு குறைந்து வெறும் வெள்ளையாகிவிடுகிறது. பட்டை நேராக இல்லை, வடக்குப் பக்கம் சாய்ந்து கீழே இறங்குகிறது. அதற்கு அப்பால் சுவருக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று

எனக்குத் தெரியாது.

(இந்த வரியை அவராகவே எழுதினார். நான் சொல்லவில்லை. அத்தை.)

இப்படிக்கு
மேஸ்திரி

இந்த இரண்டாவது தாளை ஐயாவிடம் காட்டாதே, அத்தைக்கும் தெரியாது. அப்பாடா! அந்த ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு சுவரையே ஒற்றை ஆளாகக் குடைந்திருக்கலாம்.

வெடியைத் தள்ளிப் போடச் சொன்னாயே, போட்டுவிட்டேன்! நேற்றுக் காலை மேனேஜர், "ஏன் இன்னும் குழி போடல?" என்று கத்தினார். நான் விட்டுக்கொடுப்பேனா?

"சார், கொஞ்சம் பொறுங்க. மியூசியத்து டைரக்டரே நேர்ல வர்றாங்க. லேடி. வேற யாருமில்ல, என் மருமகதான். ரொம்பக் கண்டிப்பு. போன வருஷம்கூட ரெண்டு குவாரிக்குப் பூட்டுப் போட்டுட்டு, சாவியத் தண்ணில வீசிட்டுப் போனாங்க."

அவர் முகம் வெளுத்த வெளுப்புக்கு நம்ம குவாரிப் பொடியே தோற்றுவிடும். குழி போடுகிற ஆட்களை எல்லாம் மேற்குப் பக்கம் அனுப்பிவிட்டார். எப்படி என் சாமர்த்தியம்?

அசிங்கமான துண்டு பிஸ்கட் டின்னில் தனியாக வருகிறது. இதைவிட அசிங்கமாக இந்தக் குவாரியில் மேனேஜர் மட்டும்தான்.

மாமா

*

மார்ச் 21, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

புதன்கிழமை மத்தியானம் உங்கள் மேனேஜர் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "டைரக்டர் மேடம் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். போனை எடுத்தது இயக்குநர்.

"இங்க டைரக்டர் நான்தாங்க."

"அப்போ பூட்டுப் போடுற மேடம்?"

என்னை உள்ளே கூப்பிட்டார். போனில் பேசியதை வார்த்தை விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் எந்திரிச்சு எடம் குடுக்கணுமாம்மா?" என்றார். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என்ன செய்வேன்? "அவர் என் மாமா சார்" என்றேன். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மாதக் கடைசிவரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே மேஜையைக் காலி செய்யலாம் என்றுதான் நினைத்தேன். அன்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், மாமா. கிழித்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.

நேற்று பிஸ்கட் டின் வந்தது.

இருட்டறைக்குள் எடுத்துப் போனேன். இயக்குநர் மிச்சமிருந்த திட்டையும் முடித்துவிடலாம் என்று பின்னாலேயே வந்தார். "நம்ம வேல ஒரு நம்பிக்கையில ஓடுதும்மா, ஒரு தடவ இல்ல, ரெண்டாவது தடவையா நீ..." என்று பேசிக்கொண்டே வந்தார். நான் விளக்கைப் போட்டேன். அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

மாமா, அந்த அசிங்கமான கல் எரிந்தது! பச்சைச் சில்லு பச்சையாக, வெள்ளைக் கல் சிவப்பாக. நம்முடைய சிவப்பு ஜிங்கைட் மட்டும் ஒளிராமல் நடுவில் கறுப்பாகக் கிடந்தது. அது அப்படித்தான் கிடக்க வேண்டும். நான் சுவிட்சைத் தேடினேன். "லைட்டப் போடாதம்மா" என்றார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து உங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். "நடுவுல திருத்தியிருக்காங்களே, அந்த அம்மா யாரு?" என்றார். அத்தை என்றேன். "அவங்கள நம்பலாம்" என்றார். கடைசி வரியில் விரலை வைத்து, "இந்த 'எனக்குத் தெரியாது' எழுதினாரே, அதுக்கு அப்புறம் இவரையும் நம்பலாம்னு தோணுது" என்றார்.

உடனே உங்கள் மேனேஜரிடம் பேசினார். செவ்வாய்க்கிழமைவரை அந்தச் சுவரை யாரும் தொடப் போவதில்லை. அன்று அவரும் நானும் வருகிறோம். கையில் வந்த கல்லை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவந்திருக்கலாம்; சுவரில் நிற்பதைத்தான் யாரும் மறுக்க முடியாது. சுவரில் அது இருந்தால் அதைக் காப்பாற்ற அவரே பேசுவார். என் வேலையும் அன்றைக்குத்தான் முடிவாகும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு நன்றாக இல்லை, ஆனாலும் கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தைகூட.

உங்கள் மருமகள்

*

மார்ச் 26, புதன்கிழமை

என் அருமை மருமகளுக்கு,

நேற்று முழுக்க அடக்கிவைத்ததை இன்று எழுதுகிறேன், தாள் போதாவிட்டால் காலண்டரைக் கிழிப்பேன்.

எப்படி இருந்தேன் பார்த்தாயா? கல் மாதிரி! நீங்கள் ஜீப்பை விட்டு இறங்கியபோது கும்பிட்டேன், ஏறியபோது கும்பிட்டேன், நடுவில் உதடு பிரியவில்லை. குவாரியில் எனக்கு 'அளப்பு மேஸ்திரி' என்று ஒரு பேர் இருப்பது உனக்குத் தெரியாது. நேற்று ஆட்கள் எல்லாம் பயந்துவிட்டார்கள். கம்ப்ரஸர் ஓட்டுகிறவன் வெந்நீர் கொண்டுவந்து, "அண்ணே, தொண்டையில ஏதாவது அடைச்சிருக்கா?" என்றான். இன்னொருத்தன் முதுகில் தட்டிப் பார்த்தான்.

நீ முன்னால் நின்றாய், நான் பின்னால் நின்றேன். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் எல்லாம் தெரியும். நீ கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் பட்டையைத் தொட்டதைப் பார்த்தேன். உன் இயக்குநர் மூக்கு உரசுகிற அளவுக்குச் சுவருக்குப் பக்கத்தில் போனதைப் பார்த்தேன். நல்ல மனுஷன். உன்னை இழுத்தடிக்கிறார் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாதி மட்டும். எங்கள் மேனேஜர் அவரிடம் வந்து, "நான்தான் சார் மொதல்ல பாத்தேன். பாத்த ஒடனே வேலைய நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றாரே, அப்போது என் நாக்கு பட்ட பாட்டை யாரிடம் சொல்ல! மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து அதைப் பிடித்து வைத்துக்கொண்டன.

அப்புறம் தார்ப்பாய். வெயிலில் அந்த விளக்கு எடுபடாது என்று நீ சொன்னதும், நம் லாரித் தார்ப்பாயைச் சுவரின் மேலிருந்து தொங்கவிட்டார்கள். நீ, இயக்குநர், மேனேஜர், குழி போடுகிற ஆட்கள் எல்லோரும் உள்ளே நுழைந்தீர்கள். நானும் நுழையத்தான் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. தார்ப்பாயின் ஓரம் கிளம்பிக்கொண்டு போனது. அது கிளம்பினால் வெளிச்சம் உள்ளே வந்துவிடும் இல்லையா? நான் பிடித்துக்கொண்டேன். காலால் ஒரு மூலையை மிதித்து, இரண்டு கையாலும் இன்னொரு மூலையை இழுத்து, வயிற்றால் நடுவை அமுக்கிக்கொண்டு நின்றேன். காற்று என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. சரி, அவ்வளவு காற்று இல்லை. ஆனால் காற்று இருந்தது.

உள்ளே எல்லோரும் "ஆ!" என்றீர்கள். அந்த மேனேஜர்கூட! அப்புறம் நீ கேட்டாய், "மாமா, பாத்தீங்களா?" என்று. பக்கத்தில் உன் இயக்குநர் நிற்கும்போது, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, மாமா என்று கூப்பிட்டாய்.

"பாத்தேன்டா கண்ணு" என்றேன். நேற்று நான் பேசியது அது ஒன்றுதான். அதுவும் பொய்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையிலும் சொன்னேன். பச்சை வெளிச்சம் அடித்த அடியில், ரோட்டில் போன லாரிக்காரன் சிக்னல் விழுந்துவிட்டது என்று வண்டியை எடுத்துவிட்டான் என்றேன். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருத்தர் மட்டும், "பச்சைன்னா எந்தப் பச்ச, மேஸ்திரி?" என்று கேட்டார். "நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க, அந்தப் பச்ச" என்று சமாளித்தேன்.

எந்தப் பச்சை, கண்ணு? இலைப் பச்சையா, கண்ணாடிப் பச்சையா? சிவப்பு என்றால் அடுப்புக் கங்கு மாதிரியா, அல்லது வேறு மாதிரியா? பட்டை முழுக்க ஒரே நேரத்தில் எரிந்ததா? நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும், மிச்சத்தை நான் கட்டிக்கொள்வேன்.

அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உன் வேலை என்ன ஆயிற்று? அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

உன்
மாமா

*

மார்ச் 31, திங்கட்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

வேலை நிரந்தரமாகிவிட்டது. இன்று காலை கையெழுத்துப் போட்டேன். இயக்குநர், "பூட்டுப் போடுறதெல்லாம் வேண்டாம்மா, கல்லப் பாத்தாப் போதும்" என்றார். குவாரி முதலாளி கிழக்குச் சுவரை விட்டுத்தர ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த மாதம் வேலி போடுகிறோம். மியூசியப் பதிவேட்டில் கல்லைக் கண்டுபிடித்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் மேனேஜர் பெயரை எழுதப் போனார்கள். வெடித்ததும் முதலில் உள்ளே போகிறவர் யார் என்று சொன்னேன். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

மாமா, நீங்கள் உள்ளே என் பின்னால் நிற்கிறீர்கள் என்றே நினைத்தேன். உங்கள் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

எந்தப் பச்சை என்று உங்களுக்கு எழுதிப் பார்த்தேன். இலை இல்லை, கண்ணாடி இல்லை. கங்கும் இல்லை. தாள் தாளாகக் கசக்கிப் போட்டதுதான் மிச்சம். எனக்கு அப்படி எழுத வராது, மாமா. உங்களுக்குத்தான் வரும். ஆனால் நீங்கள் பார்க்கவில்லையே.

சனிக்கிழமை காலை விளக்கோடு வருகிறேன். இயக்குநர் வரவில்லை, நான் மட்டும்தான். தார்ப்பாயை மட்டும் கேட்டு வாங்கி வையுங்கள். அத்தை மெதுவாக நடந்து வரட்டும். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே போங்கள். தார்ப்பாயை நான் பிடித்துக்கொள்கிறேன்.

பேசிக்கொண்டே பாருங்கள். வெளியே எனக்குக் கேட்க வேண்டும்.

உங்கள் மருமகள்